ஓட்டுச் சரிவில் ஓர் அலமாரி

பூட்டைப் போட்டுச் சாவியை அமிர்தம் இடுப்பில் செருகவும், போலீஸ் ஜீப் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

அலமாரிக்குள் அவள் புருஷன் கொளஞ்சியப்பன் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. சின்னசேலம் ரோட்டில் புளியமரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. அவற்றை அறுத்துத் தள்ளி வழி உண்டாக்கிக்கொண்டு வந்த போலீஸ், ஊர் ஊராகப் புகுந்து, மீசை முளைத்தவன் எவன் கிடைத்தாலும் அள்ளிக்கொண்டு போயிற்று. ஊர் ஆண்கள் எல்லாம் கரும்புக் காட்டுக்குள் படுத்திருந்தார்கள்.

கொளஞ்சியப்பனுக்குக் கரும்புக் காடு என்றால் பாம்பு பயம்.

இத்தனைக்கும் மறியலில் அவன் ஒரு குச்சியை எடுத்துப் போட்டவன் இல்லை. பொதுவில் ஆக்கிப் போட்ட சோற்றுக்கு இரண்டு நாள் பந்தியில் உட்கார்ந்ததோடு சரி.

அந்த வீட்டுப் படுக்கையறையின் ஓடு மேற்கே சரிந்து இறங்கிச் சுவரைத் தொடும் இடத்தில் நெஞ்சுயரம்தான் இருக்கும். அமிர்தம் சீராகக் கொண்டுவந்த இரும்பு பீரோ அங்கே நிற்காது என்று சொல்லி, அதை நாத்தனார் வீட்டுக்கு வண்டியேற்றி அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வருஷமாக அவள் சேலைகள் யூரியா சாக்கில் கிடந்தன. நல்ல நாள் கெட்ட நாள் எதற்கு எதை எடுத்து உடுத்தினாலும் உர வாடை அடிக்கும்.

ஆகவே, மறியல் தேதி தெரிந்த மறுநாள் அவன் ஆசாரியைக் கூட்டிவந்து, சரிவுக்குக் கீழே சும்மா கிடந்த இடத்தை அடைத்து அலமாரி போடச் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆசாரிக்கு வேளைக்கு வேளை மோர் கொடுத்தாள். கதவின் மேல்பக்கத்தை ஓட்டுச் சரிவுக்குத் தக்கபடி கோணலாக அறுத்தபோது பலகையை அவளே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டும் வந்தாள்.

கீழ்ப்பாதியில் ஏன் ஒரு தட்டுகூட வைக்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை, பாவம்.

வேலை முடிந்த அன்றே சேலைகளை மடித்து அடுக்கினாள். வெளியே போயிருந்தவன் வந்து பார்த்தான். ஒரே அள்ளாக அள்ளி, மழைச் சேறும் கோழி எச்சமுமாகக் கிடந்த வாசலில் வீசினான். கல்யாணப் பட்டும் அதில் போயிற்று. பொறுக்கியெடுத்தவை மறுபடி யூரியா சாக்குக்கே போயின.

"உனக்கு இன்னாத்துக்குடி அலமாரி? மினுக்கிக்கினு யாரப் பாக்கப் போறே?"

அவனுக்கு ஒளிய ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தாழ்ப்பாளையும் பூட்டையும் வெளிப்பக்கம் வைக்கச் சொன்னது அவனுடைய மூளை. வெளியே பூட்டுத் தொங்கினால் உள்ளே ஆள் இருப்பான் என்று எந்தப் போலீஸ்காரன் நினைப்பான்? ஓட்டைப் பிரித்துப் பார்த்தாலும் தெரியக்கூடாது என்று மேலேயும் பலகை அடிக்கச் சொன்னான். கல்வராயன் மலையிலிருந்து வந்த கனத்த வேங்கைப் பலகை. உள்ளே கத்தினாலும் தெருவுக்குக் கேட்காது.

சாவி மட்டும் பெண்டாட்டியிடம் இருக்க வேண்டும். இருந்தால் என்ன, ஒன்பது வருஷம் வாய் திறக்காதவள்தானே!

மூன்று போலீஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். ஒருவன் தவிட்டுப் பானையை உதைத்து உருட்டினான். ஒருவன் கட்டிலுக்குக் கீழே லத்தியை விட்டுத் துழாவினான். மூன்றாமவன் நேராகப் போய் அலமாரிப் பூட்டை லத்தியால் தட்டினான்.

"சேலைங்கதாங்க சார்" என்றாள் அமிர்தம். இடுப்பிலிருந்து சாவியை உருவி நீட்டினாள். "தொறந்து காட்டட்டுங்களா?"

பலகைக்கு அந்தப் பக்கம் மூச்சு நின்றுபோனது அவளுக்குத் தெரிந்தது. அந்த ஒரு நொடி அவளுக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லி முடியாது.

போலீஸ்காரன் சாவியையும் அவளையும் பார்த்துவிட்டு, சேலை பார்க்கவா வந்தோம் என்று சொல்லித் திரும்பி நடந்தான்.

ஜீப் ஏரிக்கரை திரும்பி மறையும்வரை அமிர்தம் வாசலில் நின்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். உருண்ட பானையை நிமிர்த்தி வைத்தாள். சாக்கைப் பிரித்துச் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலசி, கொல்லைக் கொடியில் உலர்த்தினாள். பட்டில் ஏறிய கறை மட்டும் போகவில்லை. கட்டிலில் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தாள். கருவாட்டுக் குழம்பு வைத்து, அவன் தட்டுக்கே போகும் நடுத்துண்டுகளை எல்லாம் தன் தட்டில் போட்டுக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அலமாரிக் கதவில் நகத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. தட்டுகிற தெம்பு இல்லை போலிருக்கிறது.

"போயிட்டானுங்களா... ஒரு வாய் தண்ணி குடுடி."

அமிர்தம் கையை அலம்பிக்கொண்டு வந்து கதவோரம் குந்தினாள். உள்ளே இருந்து அடித்த வாடைக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"இன்னும் போவலீங்க. வாசல்லயே நின்னுக்கினு இருக்கானுங்க. சத்தம் காட்டாதீங்க" என்றாள், குரலைத் தாழ்த்தி, அக்கறையாக.

ஜீப் போனது நேற்றுக் காலையில்.