வாசலில் நின்றவர்கள்

"அந்தாளை முதல்ல கேற்றடியில இருந்து விலத்துங்கோ" என்றாள் கௌசிகா.

காவலாளி ரோட்டைக் காட்டினான். அவர் நிற்பது கேற்றுக்கு வெளியே, தனக்கு ஒன்றும் செய்ய ஏலாது என்றான்.

ஓ.எல். பரீட்சையின் மூன்றாம் நாள். கணித பாடம். ஏழரை மணிக்கே பரீட்சை நிலைய வாசலில் முப்பது, நாற்பது தாய் தகப்பன்மார் வரிசையாக நின்றார்கள். சிலர் கையில் செபமாலை. சிலர் உதட்டில் தேவாரம். சிலர் ஓதிக்கொண்டிருந்தார்கள். சத்தமாக ஒருவரும் கதைக்கவில்லை.

முனீப் நானா மட்டும் வாய் ஓயாமல் கதைத்தார். கிண்ணியாவில் இருந்து வரும் ஆட்டோக்காரர். மூன்று நாளாக ஆட்டோவை மதிலோரம் விட்டுவிட்டு, கச்சான் கடலைப் பையோடு கேற்றடியில் நிற்கிறார். உள்ளே போகிற ஒவ்வொரு பிள்ளையையும் மறித்து ஒரு பகிடி. காலையில் இடியப்பமா, புட்டா என்று ஒருத்தியிடம். தலை வாரி இழுத்துவிட்டது யார், உம்மாவா என்று மீசை அரும்பிய ஒருவனிடம்.

ஆட்டோவுக்கு ஹயர் பிடிக்க வந்தவன், பிள்ளைகள் படித்ததை எல்லாம் மறக்கடிக்கப் போகிறான் என்று தாய்மார் குசுகுசுத்தார்கள்.

 கௌசிகாவின் மகள் ஜதுசா வீட்டில் எல்லாக் கணக்கும் செய்வாள். பரீட்சைத் தாளைக் கண்டால் போதும், தலை வெறுமையாகிவிடும். மாதிரிப் பரீட்சையில் அனுமதி அட்டையில் இருந்த சுட்டெண்ணை மட்டும் எழுதிவிட்டு, மணி அடிக்கும் வரை அப்படியே இருந்துவிட்டு வந்தவள். இன்றைக்கும் அப்படி இருந்துவிட்டால்?

"பயப்படாத. பயப்படாத, என்ன."

அன்புவழிபுரத்தில் பஸ் ஏறியதில் இருந்து இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். கேற்றடியில் மூன்றாவது தரமாகத் திருநீறு பூசிவிட்டாள். மகளின் குளிர்ந்த கையைத் தன் கைலேஞ்சியால் துடைத்தாள்.

"அந்தச் சூத்திரத்தை ஒருக்காச் சொல்லு பாப்பம்."

ஜதுசா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கேற்றைத் தாண்ட வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தாள்.

"ஏலாது அம்மா. வீட்ட போவம்."

கௌசிகாவின் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தாய்மாரும் கலங்கிப்போய்ப் பார்த்தார்கள். ஒருத்தி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து முனீப் நானா கிட்ட வந்தார்.

"மகள், அந்த அனுமதி அட்டைய இறுக்கிப் பிடிங்க. அங்கால நிக்கிறாரே, அவர் நேத்து ஒரு புள்ளைட அட்டையில பாதியத் திண்டுட்டார்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம், குப்பைத் தொட்டியடியில், டவுனுக்குள் திரியும் மான்களில் ஒன்று யாரோ வீசிய பேப்பரைச் சப்பிக்கொண்டு நின்றது.

"பொய்" என்றாள் ஜதுசா.

"சுட்டெண் இப்ப அவர்ட வயித்துக்குள்ள. பாருங்க, கொஞ்சத்தால உள்ளுக்குப் போய்க் கதிரையில இருப்பார்."

"அவருக்குக் கணக்குத் தெரியுமோ?"

"உங்கட பக்கத்துக் கதிரை எண்டாப் பிரச்சினை இல்ல. பாத்து எழுதிருவார்."

ஜதுசா சிரித்துவிட்டாள். மணி அடித்தது. சிரித்த முகம் மாறும் முன்பே, மற்றப் பிள்ளைகளோடு உள்ளே போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கௌசிகாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அம்மன் பெயரைச் சொல்லி அனுப்ப வேண்டிய பிள்ளையை மானைக் காட்டி அனுப்பிவிட்டாரே.

"நானா, உங்களுக்கு இது விளையாட்டு. உங்கட பிள்ளை உள்ளுக்கு இருந்தா இப்பிடிப் பகிடி விடுவீங்களோ?"

"என்ட மகன் உள்ளுக்கு இல்ல, தங்கச்சி."

அவர் கச்சான் பையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். போன முறை இதே வாசலுக்குத்தான் மகனைக் கூட்டி வந்தாராம். அர்ஷாக் என்று பெயர். வகுப்பில் கெட்டிக்காரன். கணித பாடத்தன்று கேற்றடி வரைக்கும் வந்தவன், உள்ளே போகாமல் திரும்பி ஓடிவிட்டான். இப்போது கராஜில் வேலை. திரும்ப எழுதச் சொன்னால் மாட்டேன் என்கிறானாம்.

கௌசிகாவின் குரல் இறங்கிவிட்டது. "கணக்குக்கு அவ்வளவு பயமோ?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். ஆறு மாசம் கழிச்சுத்தான் வாயத் திறந்தான்."

முனீப் நானா வரிசையாக நின்றவர்களை ஒரு தரம் பார்த்தார். பிறகு, இன்னும் காயாத அவளுடைய கண்ணைப் பார்த்தார்.

"'கணக்கெல்லாம் எனக்குத் தெரியும் வாப்பா. செத்த வீட்டு வாசல்ல மையத்து எடுக்க நிக்கிற மாதிரி நீங்க எல்லாரும் நிண்டீங்களே, அதைப் பாத்துத்தான் ஓடினன்' எண்டான்."