எந்த நம்பருக்கு

கடையில் இருந்த இரண்டு பெட்டிகளையும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கனமானதைக் காட்டினேன். முப்பது வருடம் மூட்டை சுமந்தவனுக்கு வேறு விதமாகத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. “அண்ணே, இது அரிசி மூட்டை இல்ல” என்று சிரித்தார் கடைக்காரம்மா மெர்லின். “போன்ல இருக்குற படத்தையெல்லாம் தானா வாங்கிப் பத்திரமா வைக்கிற பெட்டி. உங்ககிட்ட எத்தனை படம் இருக்கு?”

ஏழு என்றேன்.

“ஏழு படத்துக்கு இவ்வளவு பெருசு எதுக்குண்ணே?”

படத்துக்காக இல்லை என்றேன். “போன் அணைஞ்சே கெடந்தா இது யாருக்காவது சேதி அனுப்பும்னாங்களே?”

“அனுப்பும். மூணு நாள் போன் இதோட பேசலைன்னா மெசேஜ் போகும்.”

மூன்று நாள் அதிகம் என்று பட்டது. பக்கத்து அறை தாசையனை நான்காம் நாள்தான் கதவை உடைத்து எடுத்தோம். “ஒரு நாள்னு வைக்க முடியுமாம்மா?”

மெர்லின் சிரிப்பை நிறுத்திவிட்டு, முடியும் என்றார். “எந்த நம்பருக்குப் போகணும்?”

என் நம்பரைச் சொன்னேன்.

“அணைஞ்சு கெடக்குறதே உங்க போன்தானே. வேற ஆள் யாராச்சும் சொல்லுங்க.”

போனைத் திறந்து பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்தேன். மேஸ்திரி, லாரி ஆபீஸ், கேஸ் கம்பெனி, தாசையன். மறுபடியும் மேலிருந்து வாசித்தேன். அவர் பொத்தான்மேல் விரலை வைத்தபடி காத்திருந்தார்.

மேசைமேல் கிடந்த ரசீதுப் புத்தகத்தில் கடை நம்பர் அச்சிட்டிருந்தது. “ஏம்மா” என்றேன், “ஞாயித்துக்கிழமை இந்தக் கடை தெறந்திருக்குமா?”