அழிக்காமல் கொடுத்தது

கவின் காலையில் பல் துலக்கினான், டீ போட்டுக் குடித்தான், ஷெட்டைத் திறந்து தையல் மெஷினை ஆன் செய்தான்.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?" என்றது அது. முன்பு அதில் தைத்த யாரோ ஒரு பெண்ணின் குரல்.

இந்த மெஷின்கள் தைப்பவரிடம் தொழில் கற்று, அவர் குரலிலேயே பேசும். அவனுடைய பழைய மெஷின் கற்றது அவன் மனைவி பூர்ணிமாவிடம். பேசியதும் அவள் குரலில்தான். அவள் இறந்தபின் அந்தக் குரலோடு அவனால் வேலை செய்ய முடியவில்லை. அதற்குள் மெஷினின் விலையும் ஏறியிருந்தது.

"வித்தா லாபத்துக்கு இப்பவே வரி கட்டோணுமுங்க," என்றார் ஆடிட்டர். "இதே மாதிரி இன்னொரு மெஷினுக்கு மாத்திக்கிட்டா வரி தள்ளிப் போயிரும். ஆனா குரலை அழிச்சுட்டா, ரெண்டும் ஒரே மாதிரின்னு வரி ஆபீஸ்ல ஒத்துக்கமாட்டாங்க."

கவின் அழிக்காமலே மாற்றிக்கொண்டான்.

பூர்ணிமாவின் மெஷினை மாற்றி வாங்கிய ஈரோட்டுக்காரர் இன்று போனில் கூப்பிட்டார். "உங்க வீட்டம்மா ஒரே தமாசுங்க, தம்பி. இடி இடிச்சா நீங்க கட்டிலுக்கடியில போயிருவீங்களாமா?"

பின்னால் பெண்கள் சிரிப்பது கேட்டது. அவன் போனை வைத்தான். ஆஸ்பத்திரியில் பூர்ணிமா கடைசியாகச் சொன்னது இதைத்தான்:

"மெஷின யாருக்காச்சும் குடுத்தா, என் பேச்ச அழிச்சுட்டுக் குடுங்க மாமா. உங்களப் பத்தி நெறையச் சொல்லி வெச்சிருக்கேன்."