அரை நொடி

ஆய்வுக்காக எடுத்த மனநல ஆலோசனை வீடியோக்களுக்கு மதிப்பெண் போடும் அறை. திரையின் நீல வெளிச்சம் மேற்பார்வையாளரின் மூக்குக்கண்ணாடியில் ஆடுகிறது. பக்கத்து நாற்காலியின் நுனியில் ஆலோசகி. திரையிலும் அவள்தான்; அவளுக்கு எதிரே விபத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடாத லாரி ஓட்டுநர். சாவிக்கொத்தை உருட்டியபடி, "அன்னிக்கு வண்டியில நான் மட்டும் இல்ல மேடம்..." என்கிறார். மவுஸ் டக்கென்று சொடுக்குகிறது. படம் உறைகிறது. "இங்க பாரும்மா. உன் கண்ணு எங்க போகுது?" ஓட்டுநரின் தலைக்கு மேலே, சுவர்க் கடிகாரத்துக்கு. அரை நொடிகூட இராது. மறுபடி டக். ஓட்டுநர் சாவியை இறுக்கிக்கொள்கிறார். "ஒண்ணுமில்ல மேடம், விடுங்க." மேற்பார்வையாளர் பின்னால் தள்ளித் தள்ளி அதையே ஓட்டுகிறார், புண்ணைக் குச்சியால் கிளறுகிற மாதிரி. "ஒன்றரை வருஷம் வாயே திறக்காத மனுஷன். அதோட போனவர்தான், திரும்ப வரவே இல்ல. கவனிப்புக்கு சைபர்." பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுந்துகிறது. ஆலோசகிக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஆளுக்கு நாற்பது நிமிஷம், ஒரு நிமிஷம் கூடினாலும் அந்தப் பதிவு ஆய்வில் சேராது என்று சட்டம் போட்டதே இந்த மகாராசன்தான். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று நிமிர்ந்து உட்காருகிறாள். "சார், அந்த நாற்பது நிமிஷம்..." மேற்பார்வையாளரின் கண் மெல்லக் கைக்கடிகாரத்துக்கு இறங்கி ஏறுகிறது. "ம், சொல்லு." அவள் கையிலிருக்கும் பேனாவை இறுக்கிக்கொள்கிறாள். "ஒண்ணுமில்ல சார், விடுங்க."