வேலியோரப் பிச்சி

“ஊர்ச் சாக்கடைத் தண்ணியச் சுத்தம் பண்ணிப் பூச்செடிக்கு விடுதோம். எல்லாரும் நம்பி எடுத்தாச்சு. நீங்க மட்டும் இப்பிடிக் குடத்தோட நிண்ணா எப்பிடிம்மா?”

சுத்திகரிப்பு நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த இன்ஜினீயர் ஷைனிக்கு எரிச்சலாக வந்தது.

அழகியநாயகி கிணற்றுத் தண்ணீரை வேலியோரத்துப் பிச்சிச் செடிக்கு நிதானமாக ஊற்றினாள்.

“நாளைக்கு ஆபீசர் வாறாரு. இதப் பாத்தா, தண்ணி சரியில்லன்னுதானே நெனப்பாரு?”

“மத்த செடிக்கெல்லாம் ஒங்க தண்ணிதானே விடுதேன், மக்கா.”

“அப்போ இது மட்டும் சாமிக்குப் போற பூவா?”

“தோவாளைச் சந்தை வழியா சாமிக்குப் போறதும் ஒங்க தண்ணியில பூத்ததுதான்.”

“சாமிக்கே ஆகும்னா, அதைவிடச் சுத்தம் பாக்குற ஆளு யாரும்மா?” ஷைனி சிரித்துவிட்டாள்.

அழகியநாயகி சிரிக்கவில்லை. அந்தச் செடியின் பூக்களைப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டு, “உள்ள வா” என்றாள்.

உள்ளே, சுவரில் மாட்டியிருந்த படத்தில் ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். வாடிய சரத்தை எடுத்துவிட்டு, புதுப் பூவை அவள் படத்தின் மேல் வைத்தாள்.

“எம் மவன் நாகேந்திரன். பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க்குல மயங்கி விழுந்தவனத் தூக்கணும்னு எறங்குனான். ரெண்டு பேரும் ஏறி வரல்ல. அதுக்குப் பொறவுதான் ஊருக்கு இந்தப் பிளாண்டே வந்தது.”

ஷைனி வெளியே வேலியோரம் இருந்த குடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒங்க தண்ணிய நான் குத்தம் சொல்லல்ல, மக்கா. அவன் அதுக்குள்ள கெடந்தது போதும்.”