பாரசீகம் தோற்ற பகல் காட்சி

டிக்கெட்டைக் கிழிக்கப்போன ஆண்டிச்சாமியின் கையை மேனேஜர் நம்பி பிடித்து நிறுத்தினார்.

"இரு. ஏம்மா, உன் பேரு என்ன?"

அந்தப் பெண் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

"வெள்ளைத்தாய் அய்யா."

"நேத்தும் வந்த, முந்தாநாளும் வந்த. இங்கிலீஷ் படம். உனக்கு இதுல என்ன புரியுது?"

"சண்டைப் படந்தானய்யா. புரியுறதுக்கு என்ன இருக்கு?"

"யாருக்கும் யாருக்கும் சண்டை?"

"ரெண்டு ராசாமாருக்கு."

"சரி. கடைசில எந்த ராசா ஜெயிக்கான்?"

வெள்ளைத்தாய் விழித்தாள். சுவரில் இருந்த போஸ்டரை ஓரக்கண்ணால் பார்த்தாள். சுருள் தாடியும் பொன் கிரீடமுமாகப் பாரசீக ராஜா தேரில் நின்றுகொண்டிருந்தான்.

"தாடி வச்ச ராசாதான்."

ஆண்டிச்சாமி பக்கென்று சிரித்துவிட்டான். அந்தத் தாடிக்காரன் போன சண்டையெல்லாம் தோற்று, பெற்ற தாயையே எதிரியிடம் விட்டுவிட்டு ஓடி, கடைசியில் சொந்த ஆட்கள் கையால் குத்துப்பட்டுச் சாகிறவன். ஒரு தடவை பார்த்த பயல்கூடச் சொல்லிவிடுவான்.

நம்பி சிரிக்கவில்லை.

"போ" என்றார்.

அவள் பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கி இருட்டுக்குள் போனாள்.

"பாத்தியளா சார்? நான் சொன்னப்ப நம்பலையே" என்றான் ஆண்டிச்சாமி. "இவ படம் பாக்க வாரவளா?"

"வேற எதுக்கு வாரா?"

"புருசன்காரன் இருக்கிற ஒத்த ரூம்புல பகல் பூரா சீட்டுக் கச்சேரி நடத்துதான். இவ இங்க வந்து எந்தக் கச்சேரி நடத்துதாளோ! ராத்திரியும் வீட்டுல தங்குறதில்லையாம் சார். விளக்கு வைக்கிற நேரம் கிளம்பினா விடிஞ்ச பொறவுதான் வாராளாம். அவ தெருக்காரனே சொன்னான்."

"ராத்திரி எங்க போறாளாம்?"

"அதை என் வாயால வேற சொல்லணுமாக்கும்."

நம்பிக்கு முகம் சுருங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் சன்னதித் தெருவிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் வருகிறவர். கொட்டகை வேலை என்று வீட்டில் ஏற்கெனவே இளக்காரம். இந்தத் தியேட்டரில் பொம்பளைகள் தைரியமாக வந்து உட்காரலாம் என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. வீட்டுக்கு வீடு டி.வி. வந்துகொண்டிருந்த அந்த வருஷத்தில் அந்தப் பெயர் ஒன்றுதான் மிச்சம்.

"எவன் அது?" என்றார் தணிந்த குரலில்.

"உள்ள இருக்கிறதே அஞ்சாறு பேரு. கிழட்டு வாத்தியாரு ஒருத்தரு, காலேசுக்குப் போகாத பயலுவ ரெண்டு பேரு. அந்த லாரிக்காரன் மேலதான் எனக்குக் கண்ணு. இவ இன்டர்வெல்லுக்குக்கூட வெளிய வாரதில்ல சார். டீ வேண்டாம், முறுக்கு வேண்டாம். அப்படி உள்ள என்ன சோலி?"

"படம் பாதி ஓடட்டும். அப்புறம் டார்ச்ச எடு" என்றார் நம்பி. "இன்னையோட சரி. இனிமே அவ இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது."

"நாலு பேரு பாக்க வெளிய அனுப்புவோம் சார். அப்பத்தான் மத்தவளுவளுக்கும் பயம் இருக்கும்."

இன்டர்வெல் முடிந்து இருவரும் உள்ளே போனபோது போர் உச்சத்தில் இருந்தது. தேர்கள் உருண்டன. குதிரைகள் கனைத்தன. ஸ்பீக்கர் அதிர்ந்ததில் பக்கவாட்டுத் தகரக் கதவும் சேர்ந்து அதிர்ந்தது. லாரிக்காரன் முன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

நம்பி பெண்கள் பக்கம் டார்ச்சை அடித்தார். முதல் வரிசை காலி. இரண்டாவதும் காலி. பெஞ்சு பெஞ்சாக வெளிச்சம் போயிற்று. எதிலும் தலை தெரியவில்லை.

"நான் சொல்லலை?" என்று காதருகே கிசுகிசுத்தான் ஆண்டிச்சாமி. "ஆளையே காணோம் பாருங்க."

கடைசி பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது.

நம்பி வெளிச்சத்தை மேலே தூக்கினார்.

வெள்ளைத்தாய் முழங்காலை மடக்கி, பெஞ்சில் ஒருக்களித்துக் கிடந்தாள். தனியாகத்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. தூக்கத்திலும் ஒரு உள்ளங்கை காதை இறுகப் பொத்தியிருந்தது. சேலையிலிருந்து டெட்டால் வாடை வந்தது.

முகத்தில் வெளிச்சம் பட்டதும் அவள் பதறி எழுந்து உட்கார்ந்தாள். கண் திறக்கவில்லை. கால் மட்டும் செருப்பைத் தேடியது.

"வாரேன்... வாரேன் நர்சம்மா... எந்த பெட்டு? குளுக்கோசு தீந்துட்டா?"

நம்பி டார்ச்சை அணைத்தார்.

"யாரும் கூப்பிடலைம்மா. படு."

சொன்னது அவள் காதில் விழுந்ததோ என்னவோ, அப்படியே சரிந்து மறுபடி காதைப் பொத்திக்கொண்டாள்.

"சார், எழுப்பி..." என்று ஆரம்பித்தான் ஆண்டிச்சாமி.

நம்பி அதற்குள் வெளியே வந்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். கேபினில் புரொஜெக்டர் விளக்கின் கார்பன் குச்சியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் அய்யூப் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"என்ன சார், படம் மங்கலா தெரியுதா?"

நம்பி அவனைத் தாண்டிப் போனார். சுவர் ஓட்டை வழியாகப் பார்த்தார். திரையில் பாரசீகப் படை வரிசை வரிசையாகச் சரிந்துகொண்டிருந்தது. இந்தச் சண்டை முடிய இன்னும் நேரம் இருந்தது.

அவர் குனிந்து, சவுண்டுக் குமிழைப் பாதிக்கும் கீழே திருகி வைத்தார்.