முட்டை ஓட்டின் பெருமை

ஒரு முட்டை ஓடு காற்றிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தது. “என்னைத் தாண்டி எதுவும் உள்ளே நுழைய முடியாது. குஞ்சைக் காப்பது நான்தான்.” காற்று வழக்கம்போல் வீசிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மழைச்சேறு தெறித்து ஓடு முழுக்க அப்பிக்கொண்டது. “இப்போது இன்னும் கெட்டியாகிவிட்டேன்,” என்று ஓடு மகிழ்ந்தது. சற்று நேரத்தில் உள்ளிருந்து குஞ்சு முனகியது. “மூச்சு முட்டுகிறது.”

ஓடு பதறிப்போனது. “காற்றே, எப்படியாவது உள்ளே போ.”

“தினமும் உன் நுண்துளைகள் வழியாகத்தான் போய்வந்தேன். இன்று அவை அடைபட்டுவிட்டன,” என்ற காற்று, வீசி வீசிச் சேற்றை உலர்த்தி உதிர்த்தது. குஞ்சு மீண்டும் அசைந்தது.

மறுநாள் குஞ்சு ஓட்டைக் கொத்தி உடைத்து வெளியே வந்தது. உடைந்து கிடந்த ஓடு, அவ்வழியே போன எறும்பை நிறுத்திச் சொன்னது: “பார்த்தாயா, காற்றுக்கு வழிவிட்டுக் குஞ்சை வளர்த்ததே நான்தான்.”